குகைமேட்டுக்கு லைன் கிளியர்

1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும். மீட்டர்கேஜ் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த வகுத்தல் கணக்கு ஒரு நல்ல செய்தி. மாதிரி ரயில் கட்டுபவர்களிடையே பரவலாகப் புழங்கும் அளவு எச்.ஓ.; நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அந்த அளவில் மீட்டர்கேஜுக்கு வேண்டிய பாதை ஆயத்தமாகவே கிடைக்கிறது, அரை மில்லிமீட்டர் கூடுதலாக, 12 மி.மீ. அகலத்தில். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜ். அதைத் தங்கள் வீட்டு மேசைமேல் கட்ட ஆசைப்பட்ட ஐரோப்பியர்களுக்காக வந்த தண்டவாளம் செங்கோட்டைக்காரனுக்கும் பொருந்துகிறது. பிராட்கேஜ் பிரியர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல். கிடைப்பதோ வெளிநாட்டு ஸ்டாண்டர்டுகேஜுக்கான 16.5 மி.மீ. பாதை. அதன்மேல் நம்மூர்ப் பெட்டியை நிறுத்தினால் அகன்ற உடம்புக்கு அடியில் சக்கரங்கள் ஒடுங்கி நிற்கும். ரயிலோடு பழகிய கண்ணுக்கு உடனே உறுத்தும்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 49 கிலோமீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 560 மீட்டருக்கு மேல் போகும். தென்காசியில் என் வீட்டு மாடி அறையின் நீண்ட சுவர் 5 மீட்டர். ஆகவே இந்தக் கலையில் முதல் வேலை, எதையெல்லாம் விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதுதான். இரண்டு ஸ்டேஷன்கள், ஒரு குகை, ஒரு பாலம் என்று வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். மலையைக் குடைந்த வழியை எங்கள் வீட்டில் குகை என்றே சொல்வோம். உண்மையான ஸ்டேஷனின் பெயரை வைத்தால் அந்த யார்டைப் பிசகாமல் கட்டியாக வேண்டும்; அதற்கு இடமில்லை. அதனால் கிழக்கே இருப்பதற்குக் குகைமேடு என்றும் மேற்கே இருப்பதற்குக் கல்பாலம் என்றும் நானே பெயர் வைத்தேன். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. குகைமேட்டில் தமிழ் மேலே, கல்பாலத்தில் மலையாளம் மேலே.

அந்த எல்லை என் குடும்பத்துக்குள்ளேயே உண்டு. இந்தப் பாதை 1904-இல் திறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு, இந்தப் பக்கம் நாங்கள். கோடை விடுமுறைக்கு மலையேறிப் போவதென்றால் வண்டிதான்.

மலைப் பாதையில் வண்டிக்கு முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். புனலூர்ப் பக்கத்திலிருந்து ஏறி வரும்போது இரண்டு எஞ்சின்களின் மூச்சும் ஒன்றோடொன்று சேராது. சில கணம் ஒன்றாகி, மறுபடி விலகும். முன் எஞ்சின் ஊதினால் பின் எஞ்சின் பதிலுக்கு ஊதும். மழை நாளில் சக்கரம் வழுக்கினால் அந்தச் சத்தம் திடீரென்று தலைதெறிக்க ஓடி, சட்டென்று அடங்கும். தண்டவாளத்தில் மணல் விழுந்ததும் மெதுவாகத் திரும்பத் தொடங்கும். ஜன்னலோரத்தில் கரித்தூள் கண்ணில் விழ உட்கார்ந்திருந்த எனக்கு, வண்டியின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பேசிக்கொள்கிறார்கள் என்பது அப்போதே மனத்தில் பதிந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மேசையில் ரயில் ஓட்டிய பிறகுதான் தெரிந்தது.

வங்கி வேலை என்னைப் புனேவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஜோஷியின் மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பாவ் ஜோஷி உருவாக்கி 1998-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சக அலுவலர் ஒருவரின் பிள்ளைகளோடு போனேன். பிள்ளைகள் வண்டிகளைப் பார்த்தார்கள். நான் கைகாட்டிகளைப் பார்த்தேன். சிக்னல் மாறும்வரை ஒரு வண்டி நின்றது, மாறியதும் புறப்பட்டது. பொம்மை ரயில் நிற்காமல் சுற்றும் என்றே நினைத்திருந்த எனக்கு, அது காத்திருப்பதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. இதை நம் பாதைக்கு, நம் மலைக்குச் செய்யலாமே என்ற ஆசை அங்கேதான் விழுந்தது.

செங்கோட்டை – புனலூர் இடையே மீட்டர்கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது. அந்தச் சமயத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, அளவு நாடாவும் கேமராவுமாக மலைப் பக்கம் நடந்தேன். பலர் கடைசி வண்டியில் ஏறிப் படம் எடுத்தார்கள். எனக்கு வண்டியைவிட வண்டி நின்ற இடங்கள் வேண்டியிருந்தன. பிளாட்பாரம் எவ்வளவு உயரம், ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது, தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்கள் எப்படிக் குறுக்காகப் பிணைந்திருக்கின்றன என்று எல்லாவற்றையும் நோட்டில் வரைந்தேன். சிறு வயதிலிருந்து பார்த்தவைதான். ஆனால் அளக்கும்போதுதான் முதல் முறையாகக் கண்ணில் பட்டன. சைடிங் ஒன்றில் கட்டைக்குப் பதிலாக, தண்டவாளத்தின் அடியில் கவிழ்த்துவைத்த வார்ப்பிரும்புத் தட்டுகள். இரண்டையும் ஓர் இரும்புப் பட்டை இணைக்கிறது. ரயில்வேக்காரர்கள் சி.எஸ்.டி.-9 என்பார்கள். ஜல்லி மூடிவிட்டால் தண்டவாளம் எதன்மேலும் நிற்காமல் மிதப்பதுபோல் தெரியும். கடையில் வாங்கும் மாதிரிப் பாதையிலோ நெருக்கமாக அடுக்கிய சிலிப்பர் கட்டைகள். என் சைடிங்குக்கு அந்தக் கட்டைகளின் நடுப்பகுதியை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய பித்தளைப் பட்டை வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த சைடிங்கைப் பார்த்தவுடன் இது நம்மூர் என்று ஏதோ சொல்கிறது. சொல்வது அந்தத் தட்டுகள்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் ரம்பத்தைக் கையில் எடுத்தேன். சுவரோரமாக மூன்று பக்கமும் ஓடும் பிளைவுட் பலகை, அடியில் தேக்குச் சட்டம். தென்காசியில் ஜூன் பிறந்தால் சாரல். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது இன்பம்; மரவேலைக்காரனுக்குச் சோதனை. வெயிலில் தண்டவாளம் நீளும், அதற்கு இடைவெளி விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டு அறையில் அசைவது பெரும்பாலும் உலோகமல்ல, மரம்தான். சாரல் காற்றில் ஈரம் குடித்துப் பலகை உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும், மேலே இருக்கும் பாதையையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பலகையின் அடிப்பக்கம், அறுத்த ஓரம், ஆணித் துளை என்று ஒரு இடம் விடாமல் வார்னிஷ் குடிக்க வைத்தபின் அது அடங்கியது. பல்லிகள் இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாக வேண்டும். அந்தத் தலை வழியாகத்தான் சக்கரத்துக்கு மின்சாரம் ஏறுகிறது. அதில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் மெதுவாக வரும் எஞ்சின் நின்றுவிடும்.

ஜல்லிக்குக் கல்குவாரித் தூள். மாவு சலிக்கும் சல்லடையில் ஒரு தரம், டீ வடிகட்டியில் ஒரு தரம் சலித்து, நடுத்தரக் குருணையை மட்டும் எடுத்துக்கொள்வேன். தூரிகையால் சிலிப்பருக்கு இடையே பரப்பி, ஃபெவிக்காலை நீரில் கரைத்து ஊசிபோடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி அதில் கலந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீர் முத்தாக உருண்டு ஜல்லியையும் சேர்த்து நகர்த்திவிடும். மறுநாள் காய்ந்து கல்லாகியிருக்கும். மலைக்காட்டுக்குத் தேங்காய் நாரும், சாயம் தோய்த்து அரைத்த ஸ்பாஞ்சும், காய்ந்த துளசிக் குச்சிகளும் போதுமானவையாக இருந்தன. மரங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது. கருங்கல் கட்டுமானம், பதின்மூன்று வளைவுகள். பக்கத்திலேயே நெடுஞ்சாலை, கீழே ஆறு. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்க்கும் பாலம். நீளம் நூறு மீட்டருக்குச் சற்று மேல். 87-ஆல் வகுத்தால் 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் அறைக்கு அது பெரிய இடம். ஏழு கண் போதும், கண்ணுக்குப் பாலம் என்று தெரிந்தால் சரிதானே என்றார்கள். மற்ற எல்லாவற்றையும் குறைத்தேன், இதைக் குறைக்கவில்லை. ரயில் மெதுவாக வரும்போது ஒவ்வொரு கண்ணாகக் கடந்து போகும் அந்த நேரம்தான் பாலம். ஏழு கண்ணில் அந்த நேரம் பாதியாகிவிடும்.

வளைவுகளைப் பிளைவுட்டில் அறுத்து, முகப்புக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தகடுகளை வார்த்து ஒட்டினேன். பிளாஸ்டர் முழுதாகக் காய்வதற்கு முன், நகம் பதியும் பதத்தில், கோணி ஊசியால் கல் வரிகளைக் கீற வேண்டும். ஒரு அடி உயரக் கல் வரிசை இங்கே மூன்றரை மில்லிமீட்டர். வரிசைகள் கிடையாக ஓட வேண்டும், நெட்டுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது, வளைவின் விளிம்பில் மட்டும் கற்கள் விசிறியாகத் திரும்ப வேண்டும். கொத்தனார் அறிந்த இந்த விதிகளை நான் ஊசியால் கற்றுக்கொண்டேன். கீறி முடித்த பிறகு கறுப்பு மசியை நிறைய நீரில் கரைத்துத் தடவினால் கீறலில் தங்கி, மேட்டில் வழிந்துவிடும். மழைநீர் இறங்கிய கறை எங்கே விழும்? வளைவு தூணில் உட்காரும் இடத்துக்குக் கீழே. என் படங்களில் எல்லாத் தூணிலும் அந்தக் கறை இருக்கிறது. கறை போட்டதும்தான் பாலம் பழையதாயிற்று. இன்று நிஜப் பாலத்தின்மேல் பிராட்கேஜ் ஓடுகிறது. 2018-இல் பாதை மறுபடி திறந்தது. அங்கே போகும்போதெல்லாம் பாலத்தை நிமிர்ந்து பார்க்கிறேன், இன்னும் எதையாவது விட்டுவிட்டேனா என்று.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு தண்டவாளங்களும் இரண்டு கம்பிகள். 12 வோல்ட் நேர்மின்சாரம். வோல்டேஜைக் கூட்டினால் வேகம், பிளஸ்–மைனஸை மாற்றினால் பின்னோக்கி ஓட்டம். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைத்தால், ஒரு வண்டி நிற்க இன்னொன்று ஓடும். இப்போது பலரும் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண், கட்டளை அந்த எண்ணுக்கே போகும். நல்ல முறைதான். எனக்குப் பழைய முறை வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேவும் வாங்கினேன். பாயிண்ட் மாற்றுவதற்கு மேசையின் முன்விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. இழுத்தால் பாயிண்டும் நகரும், அடியில் இருக்கும் சுவிட்சும் நகரும்.

எஞ்சின் விஷயத்தில்தான் அதிக நாள் போயிற்று. நம் மீட்டர்கேஜ் டீசல் ஒய்.டி.எம்.-4, அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பு, பெட்டிக்கு அடியில் மும்மூன்று அச்சுகளாக இரண்டு போகிகள். எச்.ஓ. அளவில் அது எனக்கு எங்கும் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. 12 மி.மீ. பாதையில் ஓடும் ஜெர்மானிய எஞ்சின்கள் இரண்டை வாங்கி, உடம்பைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் தகட்டால் ஒய்.டி.எம்.-4 உடம்பைக் கட்டினேன். நீண்ட மூக்கின் பக்கவாட்டுக் கதவுகள், கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் உண்டு. பெட்டிகள் பழைய செங்காவி நிறம்.

இரண்டு எஞ்சின்கள் எதற்கென்றால், முன்னும் பின்னும் எஞ்சின் இல்லாத மலை வண்டி எனக்கு மலை வண்டியே அல்ல. கல்பாலத்திலிருந்து குகைமேட்டுக்கு 40-க்கு 1 ஏற்றம். நாலு மீட்டரில் பத்து சென்டிமீட்டர் ஏறுகிறது. பின்னாலிருந்து தள்ளும்போது நடுவில் அகப்பட்ட பெட்டிகள் வளைவில் வெளிப்பக்கமாகப் பிதுங்கித் தடம் புரளும். எடையில்லாத பெட்டிதான் முதலில் விழும். 22 சென்டிமீட்டர் பெட்டிக்கு 150 கிராம் எடை வேண்டும் என்பது இந்தத் துறையில் அனுபவப்பட்டவர்கள் வகுத்த கணக்கோடு ஒத்துப்போகிறது. தூண்டில் ஈயக் குண்டுகளை நசுக்கித் தரைக்கடியில் ஒட்டினேன். அடுத்தது வேகம். ஒரே வோல்டேஜில் எந்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது. பின் எஞ்சின் ஒரு மயிரிழை வேகமாக இருந்தாலும் வண்டியை நெருக்கித் தள்ளிவிடும். என் தங்கை மகள் அப்போது என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். “மாமா, பின் எஞ்சினுக்கு டயோடு போட்டுப் பாருங்க” என்றாள். எதிரெதிராக இணைத்த இரண்டு சிலிக்கான் டயோடுகளை மோட்டாருக்குப் போகும் கம்பியில் வைத்தால், எந்தத் திசையில் ஓட்டினாலும் சுமார் 0.7 வோல்ட் குறையும். சமதரையில் பின் எஞ்சின் சற்றுப் பின்தங்கி வரும். ஏற்றம் வந்ததும் முன் எஞ்சின் சுமையால் தளரும். அந்தத் தளர்ச்சியில் பின் எஞ்சின் எட்டிப் பிடித்துத் தன் பங்கைத் தோளில் வாங்கிக்கொள்ளும். யாரும் சொல்லாமல், எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல், இரண்டு எஞ்சின்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்தபோது எனக்கு அத்தை ஊர்ப் பயணம் முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது.

இத்தனையும் ஆனபின் ஒரு வெறுமை. வண்டி போகும், வரும். அழகாக இருக்கும். ஆனால் ஏன் போகிறது? இந்தக் கேள்வி புதிதல்ல. ஃபிராங்க் எலிசன் என்ற அமெரிக்கர், டெல்டா லைன்ஸ் என்ற தன் மாதிரி ரயிலைப் பற்றி 1940-களில் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் எழுதியவர், இதற்கு ஒரு விடை சொன்னார்: பாதையும் ஊரும் மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் நாடகம். ரயிலை ஓட்டுவதைவிட ரயில்வேயை நடத்துவதில்தான் சுவை என்ற எண்ணத்தை அவர் பரப்பினார். எனக்கு அதைக் கற்பித்தவர் எலிசன் அல்ல, அடுத்த தெருவில் இருந்த, பணி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

அவர் மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையில் காலம் கழித்தவர். ஒரு நாள் மாடிக்கு வந்து, பாலத்தைப் பார்த்தார், தலையாட்டினார். வண்டியை ஓட்டிக் காட்டினேன். கல்பாலத்தில் புறப்பட்டுக் குகைக்குள் போயிற்று. அவர் முகம் மாறிவிட்டது.

“யாரைக் கேட்டு விட்டீங்க, தம்பி?”

எனக்குப் புரியவில்லை.

“குகைமேட்டுல லைன் கிளியர் கொடுத்தாங்களா? அங்கிருந்து ஒரு வண்டி எதிர்ல வந்தா?”

அங்கே ஆளே இல்லை ஸார் என்றேன். “அப்ப ஆள் போடணும்” என்று சொல்லிவிட்டு, குகைமேட்டுப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அதை உறுதிசெய்வது கண் அல்ல, பேச்சு. மணி ஒரு தட்டு: கவனி. இரண்டு தட்டு: லைன் கிளியரா? மூன்று: வண்டி உள்ளே வருகிறது. நான்கு: வண்டி வந்து சேர்ந்தது, பாதை காலி. ஆறு தட்டு என்றால் அபாயம். எதிர் ஸ்டேஷன்காரர் அதே தட்டுகளைத் திருப்பித் தட்டினால்தான் கேட்டதாகப் பொருள். தங்கை மகள் சொலினாய்டு வைத்து இரண்டு மணிகள் செய்தாள். குகைமேட்டுக்குப் பித்தளைச் செம்பு, கல்பாலத்துக்கு வெண்கலக் கும்பா. ஓசை வேறுபட வேண்டும், எந்தப் பக்கத்து மணி என்று காதுக்கே தெரிய வேண்டும் என்பது ஸ்டேஷன் மாஸ்டரின் கண்டிப்பான கோரிக்கை.

மணியோடு முடியவில்லை. அவர் வேலை பார்த்த ஸ்டேஷன்களில் நீல் என்பவரின் பெயரால் அறியப்பட்ட பந்து டோக்கன் கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டும் சேர்ந்து ஒரு சமயத்தில் ஒரே ஒரு இரும்புப் பந்தைத்தான் வெளியே விடும். எதிர் ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் பந்து விழும். அந்தப் பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். நிற்காமல் போகும் வண்டியிலிருந்து தோளை நீட்டி அந்த வளையத்தை வாங்குவதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் மேசையில் பந்து என்பது சைக்கிள் பால்ரஸ் குண்டு. ஓட்டுகிறவரின் கன்ட்ரோலரில் ஒரு சிறிய குழி, அதில் இரண்டு பித்தளைத் தகடுகள். குண்டு குழியில் விழுந்து தகடுகளை இணைத்தால்தான் ரிலே இழுத்து, குகைக்குப் போகும் பாதைக்கு மின்சாரம் போகும். குண்டு இல்லையேல் ஓட்டமில்லை. பழைய நேர்மின்சார முறையை நான் விடாததற்கு இதுதான் காரணம்: அனுமதி இல்லாத இடத்தில் பாதையே செத்துக் கிடக்கிறது, நிஜத்தில் ஒரு டிரைவரின் மனசாட்சி செய்வதை இங்கே பாதை செய்கிறது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் பேச்சு குறைந்துவிட்டது. அவர் குகைமேடு, தங்கை மகள் கல்பாலம், நான் டிரைவர். சுவரில் ஒரு கடிகாரம் ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது; நம் பத்து நிமிடம் அங்கே ஒரு மணி. கொல்லம் மெயில் வரும்வரை லூப்பில் நிற்கும் பாசஞ்சரின் டிரைவராக நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. பாலத்தைக் கடக்கவே மெயிலுக்கு நேரமாகிறது. கைகாட்டி கிடையாக நிற்கிறது. செம்பில் ஒரு தட்டு விழுகிறது, கும்பா பதில் சொல்கிறது. இந்தக் காத்திருப்பில் எனக்கு ஒரு நாளும் அலுப்புத் தட்டியதில்லை. எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பது தனிச் சுகம். வெறுமனே போய்வந்த ரயிலில் எனக்குக் கிடைக்காதது இதுதான். ரயில் என்றால் எஞ்சின் என்று நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். எஞ்சின் இரண்டாம் பட்சம். தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவது முதலில் வருகிறது. தண்டவாளம் அதற்குப் பிறகு.

ஆரம்ப நாள்களில் ஒரு முறை பாசஞ்சர் குகைமேட்டுக்கு வந்து நின்றது. அவர் நாலு தட்டு அடிக்கவில்லை.

“வண்டி வந்துட்டு ஸார்.”

“வந்தது முழு வண்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அஞ்சு பெட்டி. எண்ணிப் பாருங்க.”

“எண்ணுறது என் வேலை இல்ல தம்பி. கடைசிப் பெட்டியில எல்.வி. பலகை இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை. பலகையைப் பாக்காம பாதை காலின்னு சொல்ல மாட்டேன்.”

கடைசிப் பெட்டிக்கு அடையாளமான அந்தப் பலகை வரும்வரை கல்பாலத்தில் மெயில் நின்றது. தங்கை மகள் அட்டையில் வெட்டி, எழுத்து எழுதி, பெட்டியின் பின்பக்கம் ஒட்டிய பிறகுதான் மணி நாலு தட்டு தட்டியது. அப்போது எனக்கு அது சற்று அதிகமாகத்தான் பட்டது. ஆனால் பின்னொரு சாரல் காலத்தில், குகைக்குள் ஒரு கொக்கி விட்டுப்போய்க் கடைசிப் பெட்டி மட்டும் இருட்டில் நின்றுவிட்டது. வந்த வண்டியில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. “தாத்தா, நாலு மணி வரல்லியே” என்று கல்பாலத்திலிருந்து குரல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பதில் பேசவில்லை. எழுந்து நின்று ஆறு தட்டு தட்டினார். எதிரே புறப்படத் தயாராக இருந்த மெயிலுக்குத் தங்கை மகள் குண்டைக் கொடுக்கவில்லை. அதன்பிறகுதான் நான் குகைக்குள் கையை விட்டு, அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன்.

இப்போது அட்டவணையில் ஒரு சரக்கு வண்டி சேர்க்க வேண்டும் என்று இருவரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். மரம் ஏற்றிய தட்டு வேகன்கள் நான் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறேன். சிக்கல் லூப்பில் இருக்கிறது: முன்னும் பின்னும் எஞ்சினோடு சரக்கு வண்டி குகைமேட்டு லூப்பைவிட நீளம். வால் மெயின் லைனில் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வேகனைக் கழற்றலாமே என்றேன். “நீளமான வண்டி நிக்க முடியாத கிராசிங் ஸ்டேஷன் எதுக்கு?” என்றார் அவர். அது நியாயம். லூப்பை நீட்ட வேண்டுமானால் மேற்குச் சுவரில் இருக்கும் மர அலமாரியின் பக்கத்தைத் துளைத்துப் பாதையை உள்ளே விட வேண்டும். அலமாரியில் இருந்த புத்தகங்களைக் கீழ்வீட்டுக்கு இறக்கிவிட்டோம். தங்கை மகள் வளைவின் ஆரத்தைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டாள். 45 சென்டிமீட்டர் வருகிறது, வேகன்கள் தாங்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டம் இல்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். ரம்பம் பிடிக்கத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.